கருவியும் கர்த்தாவும்

ஒரு பொருளைக் கண்டு அதைச் செய்தவரை எவ்வளவு தூரம் அறியலாம் என்பது இந்தியத் தத்துவ மரபின் பழைய கேள்விகளுள் ஒன்று. குடத்தைக் கண்டவர் குயவர் உண்டு என்று துணிகிறார். அதுபோல உலகைக் கண்டு இறைவன் உண்டு என்று துணியலாமா? நையாயிகர், பௌத்தர், மீமாம்சகர், வைணவர், சைவ சித்தாந்திகள் என எல்லாத் தரப்பினரும் இந்த வாதத்தில் கலந்துகொண்டனர். வாதம் கடவுளைப் பற்றியது என்றாலும் அதற்கு எடுத்துக்காட்டுகளாக வந்தவை குடம், ஆடை, தேர், மாளிகை போன்ற கைத்தொழில் பொருள்களே. மூடப்பட்ட கம்பெனிகளின் பழைய கைக்கருவிகளை இனங்காணும் ஆய்வு அதே கேள்வியைத் தன் வேலையாகவே கொண்டிருக்கிறது. செய்தவர் இல்லை, செய்த பொருள் கையில் இருக்கிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

இந்தக் கேள்வியை எழுப்பும் பொருள்கள் வடசென்னையில் நிறைய உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பெரம்பூரில் ரயில்வே பட்டறை எழுந்தது, துறைமுகம் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருவொற்றியூரும் எண்ணூரும் மோட்டார் வாகனம், சாணைக்கல், டயர், தீப்பெட்டி, வார்ப்படம் என்று ஆலைகளால் நிறைந்தன. ரயில்வே ஃபிட்டர், படகுத் தச்சர், லேத் பட்டறை டர்னர் ஆகியோரின் கைகளுக்கு ஷெஃபீல்டு, பர்மிங்காம் போன்ற ஊர்களிலிருந்து கப்பலில் கருவிகள் வந்தன. உள்நாட்டில் அடித்தவையும் சேர்ந்தன. அவற்றைச் செய்த கம்பெனிகளில் பல மூடப்பட்டன, சில இன்னொன்றுடன் இணைந்தன, சில தம் பெயரை மட்டும் விற்றுவிட்டன. கருவிகளோ இன்னும் பட்டறைப் பெட்டிகளில் கிடக்கின்றன. காயலான் கடைகளில் எடைக்கு விற்கப்படுகின்றன.

அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அறிவைத் தரும் வழிகளாகிய அளவைகள் பத்தென்று எண்ணுவோர் உண்டு என்று சொல்லி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறது. கருவி ஆய்வும் இந்த மூன்றின் வழியே நடக்கிறது.

காண்டல்

முதலில் பொருளை உள்ளபடி பார்க்க வேண்டும். எடை, இரும்பின் நிறம், வார்ப்பின் தையல் கோடு, சம்மட்டி அடியின் தடம், கைப்பிடி மரம், ஆணியின் தலை ஆகிய ஒவ்வொன்றும் செய்முறையைக் காட்டும். வார்த்ததா, அடித்ததா, அச்சில் அழுத்தியதா என்பது இந்த நிலையிலேயே தெரிந்துவிடும். துரு நீக்குவதில் அவசரம் கூடாது. கம்பித் தூரிகையோ சாணைச் சக்கரமோ ஆழமில்லாத முத்திரையை நிமிடத்தில் அழித்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் துடைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் எழும். சுண்ணக்கட்டித் தூளைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் தங்கிய வெண்மை எழுத்தைக் காட்டும்.

காட்சிக்கு ஐயம், திரிபு என்று இரு குற்றங்களைச் சித்தாந்த நூல்கள் சொல்கின்றன. தேய்ந்த எழுத்து ‘ஜி’யா ‘சி’யா என்று நிற்பது ஐயம். ஒருவகை முத்திரையை வேறொருவகையாகக் கொள்வது திரிபு. ஆய்வாளரை அதிகம் தடுமாற வைப்பது இரண்டாவதுதான். ஏனென்றால் ஒரே கருவியில் நான்கு வகை முத்திரைகள் இருக்கலாம்: செய்தவருடையது, விற்றவருடையது, உடையவருடையது, சோதித்தவருடையது. ‘எம் அண்ட் எஸ்.எம்.’ என்ற எழுத்துகள் ஒரு ஸ்பேனரில் இருந்தால் அது மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் உடைமைக் குறி. அந்த ரயில்வே அந்த ஸ்பேனரைச் செய்தது என்பதற்கு அது சான்றாகாது. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையைக் காட்டும். எழுத்துப் பஞ்ச் கொண்டு கோணலாக அடித்த இரண்டு எழுத்துகள் பெரும்பாலும் ஒரு தொழிலாளியின் பெயர் முதலெழுத்துகளாக இருக்கும். நான்கும் உண்மையே பேசுகின்றன. ஆனால் நான்கும் ஒரே கேள்விக்கு விடை தருவதில்லை.

கருதல்

கண்டதிலிருந்து காணாததைத் துணிவது கருதல். அதற்கு இரண்டு பொருள்களுக்கிடையே விலகாத உடனிகழ்ச்சி வேண்டும். அதை வடமொழியாளர் வியாப்தி என்பர். புகை உள்ள இடத்தில் தீ உண்டு. ஆனால் தீ உள்ள இடமெல்லாம் புகை இருப்பதில்லை. இதற்குத் தர்க்க நூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு கொல்லுலையிலிருந்து வந்தது: பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையில் தீ உண்டு, புகை இல்லை. துணிபு ஒரு திசையில் மட்டுமே செல்லும் என்பதை இது நினைவூட்டுகிறது.

கருவியின் காலத்தைக் கணிக்கும் முறை முழுவதும் இந்த ஒருதிசைத் துணிபில்தான் நிற்கிறது. மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே 1908இல் அமைந்தது. 1951இல் தெற்கு ரயில்வேயில் கலந்தது. எனவே அதன் உடைமைக் குறி அந்தக் கால இடைவெளியில் அடிக்கப்பட்டது எனலாம். கருவியோ அதற்கு முன்பே செய்யப்பட்டிருக்கலாம். பர்மிங்காமின் ரபோன் கம்பெனியும் ஷெஃபீல்டின் செஸ்டர்மன் கம்பெனியும் 1963இல் இணைந்தன. இரு பெயரும் சேர்ந்துள்ள அளவுகோல் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஃபிலடெல்ஃபியாவில் ஹென்றி டிஸ்டன் 1840இல் தொடங்கிய ரம்பக் கம்பெனியின் பெயரில் மூத்த மகனைக் குறிக்கும் சொல் 1865இல் சேர்ந்தது. 1871இல் அது பன்மையாயிற்று. ரம்பத்தின் கைப்பிடியில் உள்ள பித்தளைப் பதக்கத்தில் அந்தச் சொல்லின் ஒருமை பன்மையைக் கொண்டே காலத்தைக் குறுக்கலாம்.

சட்டங்களும் அளவு முறைகளும் இதேபோல் உதவுகின்றன. ஜெர்மன் சரக்குகள் ஷெஃபீல்டு சரக்குபோல விற்கப்படுவதைத் தடுக்க பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அத்தகைய சட்டம் 1889இல் வந்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் கேட்டது. கருவிகளில் நாட்டின் பெயர் பரவலானது இந்த ஆண்டுகளை ஒட்டியே. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த திருகுமரை முறையைப் பின்பற்றும் ஸ்பேனரில் பொறித்த அளவு போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும், வாயின் அகலத்தை அல்ல. ஆகவே எண்ணும் வாயும் பொருந்தாமல் இருப்பதே அதன் மரபைக் காட்டிவிடுகிறது. இந்தியா 1956இல் மெட்ரிக் அளவுச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அங்குல போல்ட்டுடன் வந்த இயந்திரங்கள் அதற்குப் பிறகும் பல காலம் ஓடின. அவற்றுக்கு வேண்டிய ஸ்பேனர்களும் செய்யப்பட்டன. அங்குலக் குறி உண்டு என்பதால் 1956க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. புகையில்லாத் தீயை மறந்தவர்களே அப்படிச் சொல்வர்.

உரை

வடிவமும் உலோகமும் தாமாக ஒரு பெயரைத் தருவதில்லை. யார் செய்தது என்பதற்கு ஒரு சொல் வேண்டும். கருவியின் மேலேயே உள்ள முத்திரை முதல் சொல். அதை விளக்கும் பட்டியல், பதிவேடு, முகவரி நூல், காப்புரிமை ஆவணம், தொழிலாளர் நினைவு ஆகியவை அடுத்து வருபவை. ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624இல் சட்டப்படி அமைந்து, உறுப்பினர்களின் குறிகளைப் பதிந்து வந்தது. சென்னையில் ஆண்டுதோறும் வெளிவந்த அசைலம் பிரஸ் அல்மனாக் நகரின் வணிக நிறுவனங்களையும் பட்டறைகளையும் பட்டியலிட்டது. விற்றவரின் பெயர் மட்டும் உள்ள கருவிக்கு அந்தப் பட்டியல் ஒரு கால எல்லையைத் தரும்.

எல்லா உரையும் அளவையாகாது. விஷயத்தை அறிந்தவர், அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புபவர், ஏமாற்றும் நோக்கம் இல்லாதவர் என்ற தகுதிகள் உள்ளவரின் சொல்லே ஆப்த வாக்கியம் எனப்படும். இந்தத் தகுதிகளை ஒவ்வொரு சான்றுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். கம்பெனியின் விலைப்பட்டியல் தன் சரக்கின் அளவையும் எண்ணையும் சரியாகச் சொல்லும். தன் பழமையை உயர்த்திச் சொல்லும் ஆசை அதற்கு உண்டு. ஓய்வுபெற்ற ஃபிட்டரின் நினைவு, ஒரு கருவி எந்த வேலைக்குப் பயன்பட்டது, எந்தக் கம்பெனியின் அரம் சீக்கிரம் மழுங்கியது என்பதைத் துல்லியமாகச் சொல்லும். ஆண்டைச் சொல்வதில் பிசகலாம். ஒருவர் எதை நேரில் அறிந்தாரோ அதில் மட்டும் அவர் ஆப்தர்.

இன்மை

முத்திரையே இல்லாத கருவிகள் ஏராளம். இல்லாமையும் ஓர் அறிவைத் தருமா? இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை உறுதியானால் மட்டுமே காணாமை இன்மைக்குச் சான்றாகும் என்று பௌத்த தர்க்கம் வரையறுத்தது. இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. முத்திரை இருக்க வேண்டிய பரப்பு தேய்ந்தோ சாணை பிடிக்கப்பட்டோ போன கருவி அந்த இருட்டறைக்குச் சமம். பரப்பு முழுமையாக இருந்தும் முத்திரை இல்லையென்றால், அது உள்ளூர்க் கொல்லர் அடித்ததாக இருக்கலாம் என்ற கருத்துக்கு வலு கூடும்.

பதிவேடுகளுக்கும் இதே விதி. இந்தியாவில் வணிகக் குறிகளைப் பதியும் தனிச்சட்டம் 1940இல்தான் வந்தது. அதற்கு முன் இயங்கி மறைந்த ஒரு பட்டறையின் குறி அந்தப் பதிவேட்டில் இல்லை என்றால், அந்தப் பட்டறை இருந்ததில்லை என்று பொருளாகாது. விலைப்பட்டியல் அச்சிட்ட கம்பெனி எளிதில் கிடைக்கிறது; அச்சிடாத கொல்லர் கிடைப்பதில்லை. கிடைக்காதவரை இல்லாதவராக எண்ணுவது தர்க்கப் பிழை. அவருடைய உழைப்பை மறுப்பதால் அது நீதிப் பிழையும் ஆகிறது.

ஒருவரா, பலரா

மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் முதல் நூற்பாவிலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகம் அதைத் தோற்றுவிப்பவரை உடையது என்று நிறுவுகிறது. சித்தாந்தம் இதைக் குடத்தைக் கொண்டு விளக்கும்: மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். உலகுக்கு மாயை, சக்தி, சிவம் என்று இவை முறையே பொருந்தும்.

இத்தகைய துணிபுக்கு எதிராக எழுந்த மறுப்புகளில் இரண்டு கருவி ஆய்வுக்கு நேராகப் பயன்படுபவை. முதலாவது பௌத்த தர்க்கவாதி தர்மகீர்த்தியுடையது. மண்ணாலானது என்ற ஒற்றுமையை மட்டும் கொண்டு குயவரைத் துணிவதானால் கறையான் புற்றையும் குயவரே செய்தார் என்று கொள்ள நேரும் என்றார் அவர். பொதுத் தோற்றம் போதாது. இன்ன வகைப் பொருளை இன்னவர் செய்வதை முன்பு கண்டறிந்த தனியடையாளம் வேண்டும் என்பது இதன் சாரம். ஓர் இழைப்புளி ஷெஃபீல்டு இழைப்புளிபோல இருக்கிறது என்பதால் அது ஷெஃபீல்டில் செய்யப்பட்டது என்றாகாது. உள்ளூர்க் கொல்லர் அதைப் பார்த்து அதேபோல அடித்திருக்கலாம்.

இரண்டாவது வைணவ ஆசாரியர் இராமானுசருடையது. பிரம்மம் சாத்திரத்தாலன்றி ஊகத்தால் அறியப்படுவதில்லை என்பது அவருடைய ஸ்ரீபாஷ்யத்தின் நிலை. செய்யப்பட்ட பொருளைக் கொண்டு செய்தவர் உண்டு என்று சொல்லலாம். பல பொருள்களும் ஒரே காலத்தில் ஒருவராலேயே ஆயின என்று சொல்ல முடியாது. இந்தக் கண்டிப்பு கைக்கருவிக்கு முற்றிலும் பொருந்தும். ஓர் உளியின் அலகுக்கு எஃகு உருக்கியவர் ஒருவர், அடித்தவர் ஒருவர், பதம் ஏற்றியவர் ஒருவர், சாணை பிடித்தவர் ஒருவர், பிடி கடைந்தவர் ஒருவர். முத்திரையில் நிற்பதோ முதலாளியின் பெயர்.

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் இதற்கு ஓர் அரிய விதிவிலக்கைத் தருகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, சதுரானன பண்டிதரின் முயற்சியால் கருவறை விமானம் எழுந்ததைச் சொல்வதோடு அதைக் கட்டிய தச்சரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது: வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்ற இரவி. ஆணையிட்டவர், நடத்தியவர், செய்தவர் மூவரும் வெவ்வேறு நிலையில் காரணர் என்பதை அந்தக் கல் அறிந்திருந்தது. இரவியுடன் கல் கொத்தியவர்களின் பெயர்களோ, அவர்கள் பிடித்த உளியை அடித்த கொல்லர்களின் பெயர்களோ அந்தச் செய்தியில் இல்லை. உளி ஒருபக்கம் கொல்லரின் காரியம், மறுபக்கம் கோயிலின் துணைக்காரணம். காரியமாகவும் காரணமாகவும் நிற்கும் இந்த இரட்டை நிலையே கருவியைப் பிற பொருள்களிலிருந்து பிரிக்கிறது. துணைக்காரணத்தையும் செய்தவர் உண்டு என்பதை அது நினைவில் வைக்கச் சொல்கிறது.

பெயரின் தொடர்ச்சி

கம்பெனி மறைந்தபின் அதன் பெயர் வேறிடத்தில் வாழ்வது கருவி ஆய்வில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல். திருவொற்றியூரே இதற்கு இரு சான்றுகள் தருகிறது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் உருவாயிற்று. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. திருவொற்றியூர் ஆலை தொடர்ந்து இயங்கியது. அடுத்தது சாணைக்கல். மூன்று தரப்புகள் சேர்ந்து 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனி, இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனி ஆகிய இரண்டின் பெயரையும் தன் பெயரில் தாங்குகிறது. மூன்றாம் தரப்பு முருகப்பா குழுமம்.

பெயர் ஒன்றாக இருந்தால் செய்தவரும் ஒருவரே என்று கொள்ளலாமா? கணந்தோறும் மாறும் தொடரையே நாம் ஒரு பொருள் என்று வழங்குகிறோம் என்று பௌத்தர் சொல்வர். அவர்கள் நோக்கில் கம்பெனி என்பது ஆட்கள், அச்சுகள், செய்முறை, பெயர் ஆகியவற்றின் தொகுதி; அவற்றில் எது தொடர்கிறது என்று தனித்தனியே கேட்க வேண்டும். நையாயிகர் உறுப்புகளின் வேறாக முழுமை ஒன்று உண்டு என்பர். ஆய்வில் பௌத்தரின் கேள்வியே முதலில் கேட்கத்தக்கது. அச்சும் வரைபடமும் செய்முறையும் கைமாறி வந்த இடத்தில் தொடர்ச்சி மெய்யானது. பெயர் மட்டும் விலைக்கு வாங்கப்பட்ட இடத்தில் முத்திரை பழைய தொழிலாளர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பெயரே இல்லாத எல்லை

எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றின் படுகையில், திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் அங்கு கற்கருவிகளைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு பின்னாளில் அகழ்ந்து ஆராய்ந்து, அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011இல் வெளியிட்டது. அவற்றைச் செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. எந்த வகை மனித இனம் என்பதும் உறுதியில்லை. பெயர், மொழி, முத்திரை எதுவும் இல்லை. ஆனாலும் அவை செய்யப்பட்டவை என்பதில் ஐயம் இல்லை. ஒரே வரிசையில் இருபக்கமும் சில்லு பெயர்த்த ஒழுங்கும், கல்லுக்குக் கல் மீண்டும் வரும் வடிவமும் அதற்குச் சான்று.

இந்தத் துணிபு தவறும் இடமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இயோலித் எனப்பட்ட உடைந்த சிக்கிமுக்கிக் கற்களைப் பலர் மிகப் பழைய மனிதரின் கருவிகள் என்று நம்பினர். பிரான்சில் ஒரு சிமென்ட் ஆலையின் கலக்கும் தொட்டியில் கற்கள் தாமே மோதி உடைந்து அதே வடிவம் பெறுவதை மார்செலின் பூல் 1905இல் காட்டினார். தர்மகீர்த்தி சொன்ன கறையான் புற்று அங்கே மெய்யாயிற்று. பொதுத் தோற்றத்தால் துணிந்தது வீழ்ந்தது. தனியடையாளத்தால் துணிந்த கைக்கோடரி நிலைத்தது.

ஆக, கருதல் ‘செய்தவர் உண்டு’ என்பது வரை உறுதியாக வருகிறது. எப்படிச் செய்தார், ஏறத்தாழ எப்போது என்பதையும் ஓரளவு தருகிறது. ‘இன்னார்’ என்பதற்கு உரை வேண்டும். இறைவன் உண்மையை ஊகத்தால் நிறுவும் சைவரும் அவன் இயல்பை அறிய ஆகமத்தை நாடுகின்றனர்; ஊகத்தை ஏற்காத வைணவரும் வேதத்தை நாடுகின்றனர். உண்மையைக் கருதியறியலாம், பெயரைக் கேட்டே அறிய வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன.

கருவிக்குரிய கடன்

ஆயுத பூசை நாளில் பட்டறைகளில் ஸ்பேனரும் சுத்தியலும் அரமும் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, வேலையிலிருந்து ஓய்வு பெறுகின்றன. கருவி தன் சக்தியால் உதவுகிறது என்ற நன்றி அதில் இருக்கிறது. விசுவகர்மாவை முதல் கைவினைஞராகக் கொள்ளும் கம்மாளர் மரபு, செய்யும் கையையும் தெய்வத்தோடு சேர்த்தே நினைக்கிறது. பழைய கருவியின் செய்தவரைத் தேடுவது இந்த நன்றியின் அறிவுப் பக்கம்.

இது பொருள்மீது கொள்ளும் பற்று ஆகாதா என்ற கேள்விக்கும் திருவொற்றியூரிலேயே இடமுண்டு. காதற்ற ஊசி ஒன்றால் துறவுக்குத் தூண்டப்பட்டதாக மரபு கூறும் பட்டினத்தார் இந்தக் கடற்கரையில்தான் அடங்கினார். ரெடிச் நகரின் என்ஃபீல்டு கம்பெனிக்கு மூலமான பட்டறையும் ஊசி செய்த பட்டறையே. மனிதர் போகும்போது ஊசிகூட உடன் வராது என்பது அந்தக் கதையின் போதனை. வராத ஊசி இங்கேயே தங்குகிறது. அடுத்தவர் கைக்குப் போகிறது. தனக்குரியதாகச் சேர்த்துவைப்பது பற்று. பிறர் உழைப்புக்குரிய பெயரைக் கண்டு அவருக்கே திருப்பிச் சேர்ப்பது பற்றாகாது. அது கடன் தீர்ப்பது.

அந்தக் கடனைத் தீர்க்கும் வழியும் மேற்சொன்ன அளவைகளிலிருந்தே வருகிறது. முத்திரையை அழிக்காமல் காப்பது காண்டலுக்குச் செய்யும் பணி. உறுதியானதையும் ஊகமானதையும் தனித்தனியே எழுதுவது கருதலுக்குச் செய்யும் பணி. மூடப்பட்ட ஆலைகளின் பட்டியல்களையும் டூல் ரூம் பதிவேடுகளையும் சேமிப்பதும், அங்கே உழைத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதிவைப்பதும் உரைக்குச் செய்யும் பணி. முதலிரண்டும் தாமதமானாலும் இரும்பு ஓரளவு காத்திருக்கும். மூன்றாவது காத்திருக்காது. உரை மறைந்த இடத்தில், நூறாண்டுக்கு உட்பட்ட ஒரு பட்டறைத் தொழிலாளியும் அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியைச் செய்தவரைப்போலவே உண்டு என்று மட்டும் அறியப்பட்டுப் பெயரறியப்படாதவர் ஆகிவிடுகிறார். வடசென்னையின் பழைய ஆலைகளில் வேலை பார்த்தவர்களைப் பொறுத்தவரை அந்த நிலை இன்னும் தவிர்க்கக்கூடியதே.